சென்னை மெட்ரோ வாட்டர் குடிக்கலாமா? நம்ம வீட்டுத் தண்ணிய நாமளே செக் பண்றது எப்படி

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பொண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு, அப்போ அவளுக்கு ஒம்பது வயசு. டாக்டர் வெளிய என்ன சாப்பிட்டா, தண்ணி எங்க குடிக்கிறான்னு கேட்டாரு. நான் உடனே வீட்ல ஆர்ஓ இருக்கு சார், ஸ்கூலுக்கும் அதுலதான் பாட்டில் ரொப்பி அனுப்புறோம்னு சொன்னேன். அவரு எழுதிட்டே "பல்லு எந்தத் தண்ணில தேய்க்கிறா?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்குப் பதிலே வரல. பல்லு தேய்க்கிறது, தட்டு கழுவுறது, கொத்தமல்லி அலசுறது எல்லாமே தரைக்கடியில இருக்குற தொட்டி, அதாவது சம்ப்ல இருந்து மேல டேங்குக்கு ஏறி வர்ற தண்ணிதான். அந்தத் தண்ணிய நான் ஒரு நாள்கூட செக் பண்ணதில்ல.

அந்தத் தண்ணியாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, ஏன்னா தண்ணி, சாப்பாடு வழியா காமாலைய பரப்புற ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உள்ள போயி வெளிய தெரியுறதுக்கு ரெண்டு வாரத்துல இருந்து ஆறேழு வாரம் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள எங்கெங்கயோ சாப்பிட்டிருப்பா. ஆனா அன்னைலேர்ந்து தண்ணி விஷயத்துல நான் சும்மா இருக்கல. விருகம்பாக்கத்துல எட்டு வீடு இருக்குற ஒரு பழைய ஃப்ளாட் எங்களுது. அங்க என்னென்ன பண்ணோம், எத வாங்குனோம், எந்தக் கணக்கு போட்டோம்னு எல்லாத்தையும் எழுதுறேன், உங்க வீட்டுக்கும் பொருந்தும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். சென்னைக்கு பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், வீராணம், தேர்வாய்கண்டிகை ஏரிங்கள்ல இருந்தும் நெம்மேலி மாதிரி கடல் தண்ணி சுத்திகரிப்பு பிளான்ட்ல இருந்தும் தண்ணி வருது, கிருஷ்ணா தண்ணியும் 1996ல இருந்து பூண்டிக்கு வருது. கீழ்ப்பாக்கம், புழல், செம்பரம்பாக்கம் மாதிரி இடங்கள்ல வடிகட்டி குளோரின் போட்டுத்தான் அனுப்புறாங்க. பிளான்ட் வாசல்ல தண்ணி நல்லாத்தான் இருக்கு, அங்கேர்ந்து உங்க டம்ளருக்கு வர்ற வழியிலதான் கெடுது. அதனால "சென்னைத் தண்ணி நல்லதா கெட்டதா"ன்னு பொதுவா கேட்டா பதிலே கிடைக்காது, ஒரே தெருவுல எதிர் எதிர் வீட்ல கூட வேற வேறயா இருக்கும். கேக்க வேண்டிய கேள்வி, எங்க கெடுது? தெரு லைன்லயா, சம்ப்லயா, மொட்டை மாடி டேங்க்லயா, வீட்டுக்குள்ள பைப்லயா, இல்ல கிச்சன்ல வச்சிருக்குற குடத்துலயா?

லைன்ல எப்படிக் கெடும்னு கேட்டா, நம்ம ஊர்ல இருவத்தி நாலு மணி நேரமும் தண்ணி வராதுல்ல, நிறைய ஏரியால ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு மூணு மணி நேரம்தான் வரும். தண்ணி ஓடும்போது பைப்புக்குள்ள பிரஷர் இருக்கும், எங்கயாச்சும் ஓட்டை இருந்தா தண்ணி வெளிய கசியுமே தவிர வெளியில இருக்குறது உள்ள வராது. தண்ணிய நிறுத்துனதும் பைப் காலி ஆயிடும், அந்த நேரத்துல பக்கத்துல போற டிரெயினேஜ் லைன் கசிஞ்சு மண்ணு ஊறிப் போயிருந்தா அந்த அழுக்கு ஓட்டை வழியா உள்ள இழுத்துடும். இதுல நம்ம ஆளுங்க வாசல் அடிபம்ப்ப நேரா லைன்ல போட்டு அடிப்பாங்க, இல்லன்னா லைன்லயே மோட்டார் வச்சு உறிஞ்சுவாங்க, அது இன்னும் மோசம், காலி பைப்ல வேக்குவம் உண்டாக்கி சாக்கடைய நாமளே கூப்பிட்டு உள்ள விடுற மாதிரி. லைன்ல நேரா மோட்டார் போடுறது சட்டப்படியும் தப்பு. உங்க தெருவுல யாராச்சும் போட்டிருந்தா தயவு செஞ்சு பேசிப் பாருங்க, அவங்க வீட்டுக் குழந்தைக்கும் அதே தண்ணிதான் போகுது.

இதுல இருந்தே மொத வேலை என்னன்னு தெரிஞ்சிடும். தண்ணி வந்த உடனே சம்ப்புக்குத் திறந்து விடாதீங்க. பைப்ல தங்கியிருந்த அழுக்கெல்லாம் முதல்ல அடிச்சுட்டு வரும். கேட் பக்கத்துல சம்ப்புக்கு முன்னாடி ஒரு 'டீ' ஜாயின்ட் போட்டு ஒரு குழாய் வச்சுக்கோங்க, ப்ளம்பருக்கு அரை மணி நேர வேலை. அஞ்சு பத்து நிமிஷம் அந்தத் தண்ணிய பக்கெட்டுல புடிச்சு செடிக்கோ வாசல் தெளிக்கவோ வச்சுட்டு, தெளிவாகி நாத்தம் இல்லாம வந்தப்புறம் சம்ப் வால்வத் திறங்க. எங்க ஃப்ளாட்ல வாட்ச்மேன் ஐயாதான் இத ஒரு நாள் விடாம பாத்துக்குறாரு.

மூணு சின்ன சாமான் வாங்கணும்

ஒண்ணு டிடிஎஸ் மீட்டர், பேனா மாதிரி இருக்கும், ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். ரெண்டாவது குளோரின் டெஸ்ட் கிட், ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) சொல்யூஷன்னு கேட்டா தருவாங்க. மூணாவது ஹெச்டூஎஸ் குப்பி, சின்னக் கண்ணாடி பாட்டிலுக்குள்ள பேப்பர் பட்டையோ பவுடரோ இருக்கும், மலக்கழிவுக் கிருமி இருந்தா தண்ணி கறுக்கும். மூணும் மூணு வேற விஷயத்தச் சொல்லும், ஒண்ணு பண்ற வேலைய இன்னொண்ணு பண்ணாது, அங்கதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க.

டிடிஎஸ்னா தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு எவ்ளோன்னு காட்டுறது, அவ்ளோதான். குடிதண்ணிக்கான இந்திய தரம் ஐஎஸ் 10500ல டிடிஎஸ் 500க்குள்ள இருக்கணும்னு இருக்கு, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் விட்டுக்கொடுக்கலாம். ஆர்ஓ விக்க வர்றவரு மீட்டர முக்கி "பாருங்க சார் 300 காட்டுது, விஷம்"னு சொன்னா நம்பாதீங்க, 300 நல்ல தண்ணி. அதே சமயம் 100 காட்டுதுன்னு சந்தோஷப்பட்டுக் குடிச்சிடாதீங்க, அதுல சாக்கடை ஒரு சொட்டு கலந்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. கிருமிய அது பாக்கவே பாக்காது.

அப்ப எதுக்கு வாங்கணும்னு கேப்பீங்க. ஒப்பிட்டுப் பாக்கத்தான். எங்க வீட்ல பண்ணத சொல்றேன். தண்ணி வர்ற நாள் கேட் குழாயில ஒரு டம்ளர் புடிச்சேன், மீட்டர் 240 காட்டுச்சு. சம்ப்ல இருந்து ஒரு டம்ளர், 610! எங்க சம்ப்புக்கு மெட்ரோ தண்ணி தவிர வேற எதுவும் போறதில்ல, போர் தண்ணிக்குத் தனி லைன், தனி டேங்க். அப்ப மீதி உப்பு எங்கேர்ந்து வந்துச்சு? வெளியில இருக்குற தண்ணி சம்ப்புக்குள்ள கசிஞ்சு வருதுன்னு அர்த்தம். மண்ணுல இருக்குற நிலத்தடி தண்ணியா இருக்கலாம், டிரெயினேஜா இருக்கலாம். மீட்டர் கிருமியக் காட்டலன்னாலும் திருடன் எந்த வழியா வந்தான்னு காட்டிக் கொடுத்துடுச்சு. உங்க சம்ப்ல லாரி தண்ணியோ போர் தண்ணியோ கலந்திருந்தா இந்தக் கணக்கு ஒத்து வராது, மெட்ரோ தண்ணி மட்டும் நிரப்புற அன்னைக்குப் பாருங்க.

குளோரின் டெஸ்ட் ரொம்ப ஈஸி. கிட்டோட வர்ற டியூப்ல கோடு வரைக்கும் தண்ணி புடிச்சு அவங்க சொன்ன அளவு சொட்டு விட்டா மஞ்சளாகும், உடனே பக்கத்துல இருக்குற கலரோட ஒப்பிட்டுப் பாக்கணும், லேட் ஆனா கலர் மாறிப் போயிடும். குழாய்ல வர்ற தண்ணில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாச்சும் குளோரின் மிச்சம் இருக்கணும். மஞ்சளே வரலன்னா, வழியில இருந்த அழுக்கு குளோரின மொத்தமா தின்னுடுச்சுன்னோ, இல்ல ரொம்ப நேரம் தேங்கி நின்னு காலியாயிடுச்சுன்னோ எடுத்துக்கலாம். டெஸ்ட் பண்ண தண்ணியக் குடிக்காதீங்க, சொட்டு மருந்து கையில படாம பாத்துக்கோங்க, குழந்தைங்க எடுக்காத இடத்துல வைங்க. நிறைய பேர் தண்ணில குளோரின் வாசனை அடிச்சா திட்டுறாங்க, நான் சொல்றது அந்த வாசனை வந்தா நிம்மதியா இருங்க, காவலுக்கு ஆள் இருக்குன்னு அர்த்தம். வாசனை புடிக்கலன்னா பாத்திரத்துல அரை மணி நேரம் லேசா திறந்து வச்சா போயிடும்.

ஹெச்டூஎஸ் குப்பிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா கண்ணால பாக்கலாம். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, குழாய் வாயத் துடைச்சு, ரெண்டு நிமிஷம் தண்ணிய ஓட விட்டுட்டு, குப்பி மூடியோட உள்பக்கம் விரல் படாம திறந்து கோடு வரைக்கும் ரொப்பி மூடிடணும். கேட், சம்ப், மாடி டேங்க், கிச்சன்னு நாலு இடத்துல எடுத்து மேல பேனாவால எழுதி அலமாரி மேல வச்சுட்டேன். நம்ம ஊரு சூட்டுக்கு தனியா எதுவும் பண்ண வேணாம். மறுநாள் காலைல காபி போடப் போனப்ப பாத்தேன், கேட் குப்பி தெளிவா அப்படியே இருக்கு, சம்ப் குப்பி மை ஊத்துன மாதிரி கறுப்பு, மாடி டேங்க் குப்பியும் கறுப்பு, கிச்சன் குழாய்தும் ரெண்டாவது நாள்ல கறுத்துடுச்சு. ஒரு வார்த்தையும் பேசாம எங்க ஃப்ளாட் மீட்டிங்ல அந்த நாலு குப்பியையும் மேசைல வரிசையா வச்சேன். அதுக்கு முன்னாடி சம்ப் வேலைக்கு காசு எதுக்குன்னு கேட்டவங்க யாரும் அப்புறம் கேக்கல.

கறுத்தா மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு எடுத்துக்கணும், உறுதியா தெரியணும்னா லேப்தான். போர் தண்ணில இயற்கையாவே அழுகுன முட்டை நாத்தம் இருந்தா அதனாலயும் கறுக்கலாம். ரெண்டு நாள் தெளிவா இருந்தா பரவால்ல. வேலை முடிஞ்ச குப்பிக்குள்ள கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் போட்டு வச்சிருந்து டாய்லெட்ல கொட்டிடுங்க, சிங்க்ல ஊத்தாதீங்க, உள்ள கிருமி வளர்ந்திருக்கும்.

கண்ணையும் மூக்கையும் விட்டுடாதீங்க. புடிக்கும்போது தெளிவா இருந்து வெள்ளை பக்கெட்டுல ராத்திரி வச்சா காலைல பழுப்பாகி அடியில தங்குதுன்னா இரும்பு, போர் தண்ணில சகஜம். காலைல முதல் தண்ணி மட்டும் துரு கலர்ல வந்து அப்புறம் சரியாகுதுன்னா வீட்டுக்குள்ள இருக்குற பழைய இரும்பு (ஜிஐ) பைப். பால் மாதிரி வெள்ளையா வந்து கீழேர்ந்து மேல தெளிஞ்சா வெறும் காத்து, பயப்பட ஒண்ணுமில்ல. சாக்கடை நாத்தம், கறுப்பு கலர், நுரை, இதுல எது வந்தாலும் அன்னைக்கு அந்தத் தண்ணிய சம்ப்புக்கு விடவே கூடாது. ஆனா ஒண்ணு, தெளிவா நாத்தம் இல்லாம இருக்குறதால நல்ல தண்ணின்னு ஆயிடாது, எங்க சம்ப் தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு.

சம்ப்

சென்னைல பெரும்பாலான வீட்ல பிரச்சினை இங்கதான்னு நான் இப்ப நம்புறேன். இடம் இல்லாததால கார் பார்க்கிங்குக்குக் கீழயே சம்ப்பும் அங்கயே டிரெயினேஜ் சேம்பரும் வச்சிருப்பாங்க. எங்களுதுல ரெண்டுக்கும் நடுவுல நாலடிகூட இல்ல. சேம்பர் செவுத்துல விரிசல், சம்ப் செவுத்துல விரிசல், நடுவுல ஊறுன மண்ணு.

கசிவு இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. சம்ப்ல தண்ணி கால்வாசி இருக்கும்போது உள்ள வர்ற வால்வையும் மோட்டாரையும் நிறுத்திட்டு, தண்ணி மட்டத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க, இல்லன்னா ஒரு குச்சிய விட்டு அளவு எடுத்துக்கோங்க. ராத்திரி முழுக்க யாரும் மோட்டார் போடக்கூடாது. காலைல மட்டம் ஏறியிருந்தா வெளிய இருந்து உள்ள வருது, இறங்கியிருந்தா உள்ள இருந்து வெளிய போகுது, ரெண்டுமே விரிசல்தான். ரொம்பி இருக்கும்போது பண்ணாதீங்க, உள்ள இருக்குற தண்ணி வெளியில இருக்குறத தள்ளிட்டே இருக்கும், தெரியாது. மழை விட்ட ரெண்டு மூணு நாள்ல பண்ணா இன்னும் நல்லா தெரியும். சம்ப்ப காலி பண்ணி டார்ச் அடிச்சுப் பாத்தாலும் ஈரம் வழிஞ்ச தடம் தெரியும், எங்களுதுல கறுப்பா ஒரு கோடு, அதுலேர்ந்து கண்ணீர் மாதிரி சொட்டிட்டு இருந்துச்சு.

சரி பண்ணும்போது முதல்ல சேம்பர சரி பண்ணணும், அப்புறம்தான் சம்ப்ப. சம்ப்ப மட்டும் பூசிட்டு விட்டா ஒரு வருஷத்துல வேற இடத்துல வழி கண்டுபிடிச்சு உள்ள வரும். சம்ப் மூடிய தரை மட்டத்துல வைக்காதீங்க, ஒரு முக்கால் அடியாச்சும் தூக்கிக் கட்டி மேல கவுந்து மூடுற மாதிரி மூடி போடுங்க, கார் கழுவுற தண்ணியும் மழைத் தண்ணியும் உள்ள போகாது. மழைநீர் சேகரிப்பு பைப் சம்ப்புக்குப் போகுற மாதிரி இருந்தா மாடியில பறவை எச்சம் எல்லாம் கழுவிப் போற வரைக்கும் முதல் ரெண்டு மூணு மழைய வெளிய விட்டுடுங்க.

க்ளீனிங் பத்தி இதக் கவனமா படிங்க, இதுல ஆளுங்க செத்துப் போயிருக்காங்க. மூடியே இருந்த சம்ப்புக்குள்ள காத்து இருக்காது, விஷ வாயுவும் தங்கியிருக்கலாம். மூடியத் திறந்து சில மணி நேரம் விட்டு, ஃபேன் வச்சு உள்ள காத்து அடிச்சுட்டு, மோட்டார் கரண்ட மெயின்லயே ஆஃப் பண்ணிட்டு, மேல ரெண்டு பேர் நின்னுட்டே இருக்கும்போதுதான் ஒருத்தர் இறங்கணும், அவர் இடுப்புல கயிறு இருக்கணும். உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா காப்பாத்தறேன்னு இன்னொருத்தர் குதிக்காதீங்க, கயிறப் புடிச்சு இழுங்க, 101க்கு கூப்பிடுங்க. டிரெயினேஜ் சேம்பருக்குள்ளயும் செப்டிக் டேங்க்குக்குள்ளயும் மனுஷன இறக்கவே கூடாது, 2013ல வந்த சட்டப்படி அது குற்றம், மெஷின்தான் வரணும்.

தண்ணிய முழுசா எடுத்துட்டு, அடியில இருக்குற சேற வாரிட்டு, செவுரு முழுக்க பிரஷ் போட்டுத் தேய்ச்சு அலசி வெளிய எடுத்துடுங்க. சோப்பு பவுடர் வேணாம், போகவே போகாது. அப்புறம் நல்ல தண்ணி ரொப்பி ப்ளீச்சிங் பவுடர் போடணும், இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. சம்ப்போட நீளம் அகலம் ஆழம் மூணையும் அடிக் கணக்குல அளந்து பெருக்கி வர்றத 28ஆல பெருக்குனா லிட்டர் கிடைக்கும். எங்களுது 6 அடிக்கு 5 அடி, ஆழம் 5 அடி, 150 கன அடி, கிட்டத்தட்ட 4,200 லிட்டர். க்ளீன் பண்ணதுக்கு அப்புறம் போடுற பலமான டோஸ் 1,000 லிட்டருக்கு 200 கிராம், ப்ளீச்சிங் பவுடர்ல 25 சதவீதம் குளோரின் இருக்குதுன்னு வச்சு போட்ட கணக்கு இது. எங்களுக்கு 840 கிராம் ஆச்சு. பவுடர அப்படியே கொட்டாதீங்க, பிளாஸ்டிக் பக்கெட்டுல தண்ணி விட்டுக் கரைச்சு, கால் மணி நேரம் விட்டா சுண்ணாம்பு அடியில தங்கும், மேல தெளிஞ்சத மட்டும் சம்ப்ல ஊத்தணும். அப்படியே மோட்டார் போட்டு மாடி டேங்க்கையும் இதே தண்ணியால ரொப்பி, ஒவ்வொரு வீட்லயும் எல்லா குழாயையும் குளோரின் வாசனை வர்ற வரைக்கும் திறந்து மூடி, ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலைல மொத்தமா வடிச்சுட்டு புதுத் தண்ணி ரொப்பிக்கலாம். அந்த ஒரு ராத்திரி யாரும் அந்தத் தண்ணிய வாயில வைக்கக் கூடாது, எல்லா வீட்டுக்கும் முன்னாடியே சொல்லி ரெண்டு பக்கெட் புடிச்சு வச்சுக்கச் சொல்லணும். முக்கியமா, ஆர்ஓ மெஷினுக்குப் போற வால்வ எல்லாரும் மூடிடணும், இவ்ளோ குளோரின் போனா மெம்ப்ரேன் கெட்டுப் போயிடும். இன்னொண்ணு, ப்ளீச்சிங் பவுடரோட ஆசிட், டாய்லெட் க்ளீனர் எதையும் கலக்காதீங்க, குளோரின் வாயு வந்து நெஞ்ச அடைச்சிடும். கையில கிளவுஸ், மூக்குல மாஸ்க், காத்தோட்டமான இடம்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். ஐப்பசி மழைக்கு முன்னாடி செப்டம்பர்ல ஒண்ணு, மழையெல்லாம் முடிஞ்சு போகிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது ஒண்ணு. எங்க ஃப்ளாட்ல இப்ப போகின்னா சம்ப்புன்னே ஆயிடுச்சு.

லாரி தண்ணியும் கேன் தண்ணியும்

2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வத்தி நின்னப்ப லாரி தண்ணி இல்லாத தெருவே இல்ல, இப்பவும் நிறைய ஃப்ளாட் லாரியிலதான் ஓடுது. மெட்ரோ வாட்டர் லாரின்னா குளோரின் போட்ட தண்ணியா இருக்கும், பிரைவேட் லாரின்னா எங்கயோ விவசாயக் கெணத்துல இருந்தோ போர்ல இருந்தோ எடுத்துட்டு வர்றது. எங்கேர்ந்து எடுக்குறீங்கன்னு டிரைவர் அண்ணன்கிட்ட மரியாதையா கேளுங்க, பெரும்பாலும் சொல்லிடுவாங்க. ஹோஸ் நுனி தரையில கிடந்து அப்படியே சம்ப்புக்குள்ள விடாம கழுவி விடச் சொல்லுங்க. சம்ப் ரொம்புனதும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர், மேல சொன்ன மாதிரி கரைச்சு தெளிய வச்சு ஊத்தி, ஒரு மணி நேரம் கழிச்சு குளோரின் டெஸ்ட் பண்ணுங்க. மஞ்சள் வரலன்னா இன்னும் கொஞ்சம். கண்ணளவு வேணாம், சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க. பவுடர் பழசானாலும் பாக்கெட் திறந்து கிடந்தாலும் வீரியம் போயிடும், சின்ன பாக்கெட்டா வாங்கி இறுக்கி மூடி நிழல்ல வைங்க.

கேன் தண்ணின்னா தானா சுத்தம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கேன்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசன்ஸ் நம்பர், கம்பெனி அட்ரஸ், பேக் பண்ண தேதி இருக்கணும், சீல் உடையாம இருக்கணும். கேன தலைகீழா வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, பச்சையா ஏதாச்சும் ஒட்டியிருந்தா வெயில்ல கிடந்த கேன், திருப்பிக் கொடுத்துடுங்க. நாங்க வாங்கிட்டிருந்த கேன்லயும் ஒரு குப்பி டெஸ்ட் பண்ணேன், தெளிவாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தக் கேன கவுத்து வைக்கிற டிஸ்பென்சர் குழாய்ல எடுத்தது கறுத்துச்சு! அந்த டிஸ்பென்சர வாங்குனதுல இருந்து நாங்க யாரும் கழுவுனதே இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை வெந்நீர் ஊத்திக் கழுவுங்க.

ஆர்ஓவா, யூவியா, கொதிக்க வைக்கிறதா?

டிடிஎஸ் 500க்குக் கீழன்னா ஆர்ஓ தேவையே இல்ல, யூவி (புற ஊதா வெளிச்சத்தால கிருமியக் கொல்ற மெஷின்) போதும். தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019ல டிடிஎஸ் 500க்குள்ள இருக்குற இடத்துல ஆர்ஓவ தடை பண்ணணும்னு சொல்லுச்சு, ஏன்னா ஒரு லிட்டர் குடுக்க மூணு லிட்டர் கிட்ட வெளிய தள்ளுது. நம்ம ஊர்ல அது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லணுமா. போர் தண்ணிதான் குடிக்கிறோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மாதிரி கடலோரத்துல உப்பு ஏறிக் கிடக்குன்னா ஆர்ஓ வேணும். வச்சிருக்கீங்கன்னா வேஸ்ட் தண்ணிய ஒரு பக்கெட்டுல புடிச்சு வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு வச்சுக்கோங்க. உள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் மாசம் ஒரு தடவை டிடிஎஸ் எழுதி வைங்க, வெளிய வர்றது ஏறிட்டே போனா மெம்ப்ரேன் மாத்தணும், சர்வீஸ் ஆள் சொல்றதுக்காக மாத்த வேணாம். ஒண்ணு மறக்காதீங்க, உள்ள இருக்குற கார்பன் ஃபில்டர் குளோரின எடுத்துடும், அதனால ஃபில்டர்ல புடிச்ச தண்ணிக்குக் காவல் கிடையாது, அழுக்கு பாட்டில்ல புடிச்சு ரெண்டு நாள் வச்சா அதுலயே கெடும். யூவிக்கு தண்ணி தெளிவா இருக்கணும், கலங்கல்ல கிருமி ஒளிஞ்சுக்கும்.

எதுவுமே இல்லன்னாலும் அடுப்பு இருக்கு. தளதளன்னு கொதி வந்து ஒரு முழு நிமிஷம் கொதிச்சா கிருமி, வைரஸ் எல்லாம் செத்துடும், பாதி கேஸ் தீர்ற வரைக்கும் கொதிக்க விட வேண்டியதில்ல. ஆனா ஓரத்துல சின்ன முட்டை முட்டையா வர்றதப் பாத்து இறக்கிடாதீங்க. அதே பாத்திரத்துலயே மூடி ஆற விடுங்க, வேற குடத்துக்கு மாத்தி அதுல பச்சைத் தண்ணி கலந்தா மொத்தமும் வீண். கொதிக்க வச்சா உப்பு, இரும்பு, நைட்ரேட் எதுவும் போகாது, அது வேற கதை. எங்க அம்மா தேத்தாங்கொட்டைய பானை உள்பக்கம் உரைச்சு விடுவாங்க, கலங்கல் தண்ணி நிஜமாவே தெளியும், ஆனா கிருமி சாகாது, தெளிஞ்ச தண்ணிய கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.

குழாய்ல சாக்கடை வந்தா

உடனே ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு வெளிச்சத்துல வச்சு போட்டோ, வீடியோ எடுங்க, தேதியும் நேரமும் எழுதிக்கோங்க, பக்கத்து வீட்லயும் அப்படி வருதான்னு கேளுங்க. அவங்களுக்கும் வந்தா லைன் பிரச்சினை, உங்களுக்கு மட்டும்னா ரோட்டுல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற கனெக்ஷன் பைப்பு. மெட்ரோ வாட்டருக்கு 1916ல கூப்பிட்டு புகார் நம்பர் வாங்குங்க, நம்பர் இல்லாம போனை வைக்காதீங்க. வார்டு டெப்போவுக்கு நேர்ல போயி பாட்டில காட்டுறது இன்னும் வேகமா வேலை செய்யும், நாலஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து போங்க. ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகத்துல குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கயும் எழுதிக் குடுக்கலாம். லேப் ரிப்போர்ட் கையில இருந்தா பேச்சே வேற. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல தண்ணி டெஸ்ட் பண்றாங்க, என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள பிரைவேட் லேபும் இருக்கு. கிருமி டெஸ்ட்டுக்கு லேப்லயே ஸ்டெரைல் பாட்டில் கேட்டு வாங்குங்க, வீட்டு கூல்டிரிங்ஸ் பாட்டில்ல கொண்டு போனா ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்ல. எடுத்ததும் ஐஸ் போட்ட பையில வச்சு ஆறு மணி நேரத்துக்குள்ள சேத்துடணும். ரிப்போர்ட்ல ஈ கோலைன்னு (மலக்கழிவுக் கிருமி) ஒரு வரி இருக்கும், 100 மில்லில ஒண்ணுகூட இருக்கக் கூடாது, அந்த வரிய முதல்ல பாருங்க.

2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் நடந்த மாதிரி தெருத்தண்ணி சம்ப்புக்குள்ள புகுந்துட்டா அதுல பவுடர் போட்டு சரி பண்ணிடலாம்னு நினைக்காதீங்க. முழுசா எடுத்து, சேறு வாரி, மேல சொன்ன பலமான டோஸ் போட்டு, அப்புறம் குப்பி டெஸ்ட் தெளிவா வர்ற வரைக்கும் கொதிக்க வச்ச தண்ணிதான், பல்லு தேய்க்கவும் சேத்து. வீட்ல யாருக்காச்சும் வயித்துப்போக்கு ஆரம்பிச்சா ஓஆர்எஸ் பாக்கெட்ட ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருங்க, சின்னக் குழந்தை, வயசானவங்க, கர்ப்பிணின்னா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணு மஞ்சளாச்சுன்னா நாட்டு மருந்து தேடிப் போறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க.

கடைசியா கிச்சன். குடத்துல டம்ளர முக்கி எடுக்குற பழக்கத்த விட்டுட்டு குழாய் வச்ச பாத்திரத்துக்கு மாறுங்க, நாலு இடத்துல சுத்தம் பண்ணி கொண்டு வந்த தண்ணிய விரல் நகத்துல கெடுக்க வேணாம். தினமும் மிச்சத்த செடிக்கு ஊத்திட்டு பாத்திரத்தக் கழுவி புதுசா ரொப்புங்க. சேம்பரும் சம்ப்பும் பூசி முடிச்சு பத்து நாள் கழிச்சு நான் மறுபடி நாலு இடத்துல தண்ணி எடுத்தேன். சம்ப்ல டிடிஎஸ் 245, குளோரின் மஞ்சள் வந்துச்சு, ரெண்டு நாள் ஆகியும் நாலு குப்பியும் தெளிவா இருந்துச்சு. பொண்ணுதான் குப்பி மேல பேர் எழுதுனா, இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவளே எடுத்து நோட்டுல தேதி போட்டு வைக்கிறா.